மசோங்கா வாங்காத நெருப்பு

புதுக்கிழங்கு விழாவில் ஆண்கள் கள்ளைக் குடித்துவிட்டு எங்கள் ஊர் பிறந்த கதையைப் பாடுவார்கள். லொகாம்பா முன்னால் நடந்தான், லொகாம்பா ஆற்றைப் பிளந்தான், லொகாம்பா கோடாரியை ஓங்கினான், காடு வழிவிட்டது என்று போகும் அந்தப் பாட்டு. லொகாம்பா என் அப்பா. ஆகவே அந்தப் பாட்டு பொய் என்று சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. அவர் எந்த ஆற்றையும் பிளக்கவில்லை. இந்த ஊரை உண்டாக்கியவள் என் சித்தி மசோங்கா, அப்பாவின் தம்பி கோம்பேயின் மனைவி. அவள் பெயரைப் பாட்டில் சேர்க்கச் சொன்னால், பெண் பெயர் தாளத்துக்குள் உட்காராது என்கிறார்கள். இத்தனை கள் உள்ளே போன பிறகு தாளத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பாடட்டும். நான் நடந்ததைச் சொல்கிறேன்.

சித்தி பெரிய இடத்துப் பெண் இல்லை. குள்ளம். கிழங்குக் குழி தோண்டித் தோண்டி ஒரு தோள் மற்றதைவிடப் பெருத்திருக்கும். வயது வந்ததும் முன்பற்களைத் தேய்த்துக் கூராக்கிக்கொள்வது எங்கள் பெண்களின் வழக்கம். அவள் பாதியில் கல்லைத் தட்டிவிட்டு எழுந்து ஓடியவள். அதனால் கடைசிவரை ஒரு பல் கூராகவும் இன்னொரு பல் மொட்டையாகவும் இருந்தது. அவள் சிரித்தால் யாரையோ கேலி செய்வது போலத் தோன்றும். பெரும்பாலும் கேலிதான் செய்துகொண்டிருப்பாள்.

எங்கள் பழைய ஊர் இலோங்கா ஒரு குன்றின்மேல் இருந்தது. முன்காலத்தில் அங்கே விளைந்த ஒரு கிழங்கை ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாது என்பார்கள். பிறகு இரும்பு வந்தது. கல் கோடாரியோடு மல்லுக்கட்டிய கைகளுக்கு அது பெரிய சந்தோஷம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரும்பு உருக உலை வேண்டும், உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். குன்றைச் சுற்றியிருந்த காடு முழுவதும் அந்த உலையின் வாய்க்குள் போனது. மரம் போன பிறகு மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு இறங்கியது. அந்த மழையும் வர வரப் பிந்தியது. பிள்ளைகள் நிறையப் பிறந்தார்கள், பிழைத்தும் கொண்டார்கள். வாய் பெருகப் பெருகக் கிழங்கு சிறுத்தது. அடிவாரத்துக் கறுப்பு மண் மூத்தவர்களுக்கு, மேலே கல் காடு இளையவர்களுக்கு என்பது ஊரின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர்களும் மூத்தவர்கள்தான்.

ஓர் அறுவடையில் சித்தி தன் கிழங்குகளைக் கூடையில் போட்டுத் தூக்கிவந்து என் அப்பாவின் வாசலில் கொட்டினாள்.

"மூத்தாரே, இதக் கொஞ்சம் பாருங்க. இது கிழங்கா, எலி வாலா?"

அப்பா கள் குடுவையைக் கீழே வைக்கவில்லை. "மண்ணு அப்படி. அதுக்கு நான் என்ன பண்ண?"

"பண்ணுனதத்தான் சொல்ல வந்தேன். மேல நின்ன மரத்தெல்லாம் வெட்டி உலையில போட்டீங்க. இப்ப மழை பெஞ்சா மண்ணு எறங்கி உங்க வயலுக்கு வருது. கல்லு மட்டும் எங்களோட நிக்குது."

"ஒத்த மண்வெட்டிக்கு வந்தவ எனக்கு மண்ணப் பத்திச் சொல்றியா?"

அவளைப் பெண் எடுத்தபோது அவள் வீட்டுக்குக் கொடுத்தது ஒரே ஒரு இரும்பு மண்வெட்டி. அதை என் அப்பா சாகும்வரை மறக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அந்த மண்வெட்டி துருப்பிடிச்சு என்னைக்கோ செத்துப்போச்சு, மூத்தாரே. நான் இன்னும் நிக்கிறேன். எங்க பங்கு விதைக்கிழங்கக் குடுங்க. நாங்க கெளம்புறோம்."

கிளம்புவது புதிதில்லை. மண் களைத்தால் இளையவர்கள் கிளம்புவார்கள். அவர்களுடைய மண்ணும் களைக்கும், அவர்களுடைய இளையவர்களும் கிளம்புவார்கள். ஆற்றுக்குக் கீழே எத்தனையோ நாள் பயணத்துக்கு அப்பாலும் எங்கள் பேச்சைப் பேசும் ஊர்கள் இருப்பது அப்படித்தான். யாரும் படையெடுத்துப் போகவில்லை. எல்லோரும் அண்ணன்களிடம் சண்டை போட்டுவிட்டுப் போனவர்கள்.

ஆனால் போகிறவர்கள் மூத்தவருடைய அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துக்கொண்டு போகவேண்டும். முழங்கால் மடக்கி, இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அந்த நெருப்பு எரியும் இடமெல்லாம் மூத்தவருடைய ஊர். முதல் கிழங்கு அவருக்கு, பெரிய விலங்கு விழுந்தால் ஒரு தொடை அவருக்கு, எந்த மரத்தை வெட்டுவது என்ற பேச்சும் அவருக்கு. கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்க எங்களுக்கும் தெரியும். அவசரத்துக்கு வேட்டையில் செய்வார்கள். ஆனால் கடைந்த நெருப்பு தகப்பன் பெயர் தெரியாத நெருப்பு. அதில் சமைத்ததை முன்னோருக்குப் படைக்க முடியாது, அதன் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்க முடியாது என்பார்கள்.

கிளம்பும் நாளில் என் அப்பா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து நீட்டினார். ஊரே கூடி நின்றது. சித்தப்பா கோம்பே முழங்காலை மடக்கப் போனார். சித்தி அவருடைய கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"வேண்டாம், மூத்தாரே. உங்க நெருப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். அதுக்குத் தீனி போட எங்களால ஆகாது."

என் அம்மா பெலாமா அங்கேயே நின்றாள். சித்தியை அவளுக்குப் பிடிக்காது. விதைக்கிழங்கு பங்கு வைத்தபோது அழுகல் பார்த்துப் பொறுக்கி அவள் கூடையில் போட்டவள் என் அம்மாதான். "நெருப்பில்லாம எத்தன நாளு போவ?" என்றாள். "பச்சக் கெழங்க மென்னா தொண்ட அரிக்கும்டி. திரும்பி வந்து என் வாசல்லதான் நிக்கணும்."

"வந்தா கதவச் சாத்திக்கங்க, அக்கா," என்று சொல்லிவிட்டுச் சித்தி படகில் ஏறினாள். அவர்களோடு இன்னும் இரண்டு இளையவர்களின் குடும்பங்களும் ஏறின.

சித்தப்பா கோம்பே நல்லவர். நல்லவர் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படகு ஆற்றின் நடுவே போய்க்கொண்டிருந்தபோது அவருடைய தோள்பையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

"ஏய்யா, உம்ம பையில என்ன பொகையுது?"

"பொகையா? அது பனி."

"பைக்குள்ளயா?"

அவள் பையைப் பிடுங்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு காட்டெருமைக் கொம்பு. கொம்புக்குள் காய்ந்த மரக்காளான், அதில் என் அப்பா வீட்டுக் கனல். என் அப்பா யாருக்கும் தெரியாமல் கொடுத்தனுப்பியிருந்தார். கோபக்காரியின் வாயை அடைக்க முடியாவிட்டாலும் தம்பியின் பை தன் பக்கம் என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணன் நல்லதுக்குத்தான் குடுத்தாரு," என்றார் சித்தப்பா. "நெருப்பில்லாம எல்லாரும் செத்துப் போவோம், மசோங்கா."

"செத்தா நம்ம சாவு. பொழச்சா நம்ம பொழப்பு. இதோட போனா ரெண்டுமே அவரோடது."

கொம்பைத் தண்ணீரில் விட்டாள். அது சுர்ரென்று சத்தம் போட்டு அடங்கியது. படகில் இருந்த யாரும் அதன்பிறகு கரை சேரும்வரை அவளோடு பேசவில்லை.

இந்த ஓடைக்கரையில்தான் இறங்கினார்கள். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்யும் மழை இல்லை, உட்கார்ந்து பெய்யும் மழை. கட்டையைக் கடைந்து கடைந்து ஆண்களின் உள்ளங்கை கிழிந்தது. தகப்பன் பெயர் தெரியாத நெருப்புகூட அவர்களுக்குப் பிறக்க மறுத்தது. மரமெல்லாம் ஊறிப்போயிருந்தது. செம்பனைக் கொட்டையைப் பச்சையாகச் சப்பினார்கள். சித்தியின் சின்னப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. மற்றப் பெண்கள் அவள் காதுபடவே அவளைத் திட்டினார்கள். கனலை எறிந்த கை அழுகட்டும் என்றார்கள்.  காய்ச்சல்காரப் பையனை மடியில் போட்டுக்கொண்டு மரத்தின் வேரில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் அழுததாக என்னிடம் அவளே சொன்னாள். தான் செய்தது தப்பு என்று தோன்றியதா என்று கேட்டேன். "பயமா இருந்துச்சு, தப்பாத் தோணல. ரெண்டும் வேற வேற," என்றாள்.

அந்த மழைக்குள் மரங்களின் நடுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். உயரத்தில் சித்தியின் தோள் அளவுதான் இருப்பாள். கையில் இலை சுற்றிய பொட்டலம், இலையின் வாயில் புகை. காட்டுக்குள்ளேயே வாழும் காட்டார் எங்கே போனாலும் நெருப்பைக் கையோடு கொண்டு போவார்கள். மழை அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. அவள் பெயர் யேலி. ஆற்றோர ஊர்களில் தேன் கொடுத்துக் கிழங்கு வாங்கிப் போகிறவள், அதனால் எங்கள் பேச்சு அவளுக்குக் கொஞ்சம் வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பேச்சில் மனிதர்களுக்குப் பாந்து என்று பெயர். நாங்கள் எங்களைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்வோம். காட்டாரை அந்தச் சொல்லில் சேர்க்கமாட்டோம். அவர்களுக்கு வேறு பெயர்கள் வைத்திருந்தோம், அவற்றை என் வாயால் சொல்லமாட்டேன். அவர்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டோம். தேன் மட்டும் வாங்குவோம், தேனுக்கு ஏனோ தீட்டு இல்லை.

யேலி நனைந்து கிடந்த கூட்டத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"இத்தன ஆளு, இத்தன சட்டி. நெருப்பு மட்டும் இல்லியா?"

சித்தி பையனைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். யேலிக்கு முன்னால் முழங்காலை மடக்கி இரண்டு கையையும் நீட்டினாள். பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "மசோங்கா, அவங்க கையிலயா?" என்று சித்தப்பா முனகினார். இந்தக் கையிலிருந்து நெருப்பு வாங்கினால் யாருக்குப் பிள்ளைகளாகிறோம் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

யேலிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "எதுக்குக் குந்துற? காலு வலிக்குதா?"

"எங்க வழக்கம் இது. நெருப்பு குடுக்கறவங்க பெரியவங்க. நீ என்ன சொல்றியோ அதுக்கு நாங்க கட்டுப்படணும். கேளு, என்ன வேணும்?"

யேலி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஓடைக்கு மேலே தெரிந்த கறுப்புப் பாறையைக் காட்டினாள். "அந்தப் பாறைக்கு அந்தாண்ட மரத்தத் தொடக்கூடாது. எங்க தேனு அங்க இருக்கு. நாங்க திங்கிற புழு அங்க இருக்கு. எங்க செத்தவங்களும் அங்கதான். இந்தாண்ட நீ என்னமும் நட்டுக்க."

"தொட மாட்டோம். உலையும் வைக்க மாட்டோம்."

"உலைன்னா?"

"தெரியாட்டி நல்லதுதான், விடு."

அன்று கிழங்கு வெந்தது. பையனுக்குச் சுடுதண்ணீர் கிடைத்தது. அவனுக்குக் காய்ச்சல் இறங்கியது யேலி அரைத்துக் கொடுத்த பட்டையினாலா, சூட்டினாலா என்று யாருக்கும் தெரியாது. திட்டியவர்கள் முதல் ஆளாய் வந்து அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்த அறுவடையில் முதல் கிழங்கைச் சித்தி யேலியின் குடிசைக்குச் சுமந்துகொண்டு போனாள். யேலி அதை அங்கேயே சுட்டு, வந்தவளுக்கும் பாதி கொடுத்துத் தின்றுவிட்டாள். முதல் கிழங்கை அப்படி யாரும் தின்று சித்தி பார்த்ததில்லை. இலோங்காவிலிருந்தும் ஆள் வந்தான், கூடையோடு. முதல் கிழங்கு எங்கே என்று கேட்டான். சித்தி அவனை உட்காரவைத்து, செம்பனை எண்ணெய் ஊற்றி வயிறு முட்டக் கிழங்கு போட்டாள். பிறகு வெறும் கூடையைக் கையில் கொடுத்து, "என்ன சாப்பிட்டேன்னு மூத்தாருக்கு வாயாலயே சொல்லு," என்று அனுப்பினாள். ஒவ்வோர் அறுவடைக்கும் அந்த ஆள் வந்தான். கிழங்கின் ருசிக்குத்தான் வருகிறான் என்று ஊரில் பேச்சு.

வருஷங்கள் போயின. காட்டுப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே ஓடையில் விழுந்து எழுந்தார்கள். காட்டாரின் பிள்ளைகளுக்கு எங்கள் பேச்சு வந்தது. தேன், மரம், குரங்கு என்று காட்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் அவர்களுடைய பெயர்கள் எங்கள் வாயில் ஏறிக்கொண்டன. இரும்பு வேண்டும் என்றால் ஆற்றுக்குக் கீழே இருப்பவர்களிடம் தேனும் தந்தமும் கொடுத்து வாங்கினார்கள். சித்தியின் மூத்த மகன் யேலியின் மகளைக் கட்டினான். சித்தி, யேலி வீட்டுக்கு எத்தனை மண்வெட்டி வேண்டும் என்று கேட்டாளாம். மண்வெட்டியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன தோண்டுவது, வலைக்கு நார் கொடு என்றாளாம் யேலி.

இதற்கிடையில் இலோங்காவில் நாங்கள் விதைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தோம். விதையைத் தின்பது என்றால் என்ன என்று உழவு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குன்று மொட்டையாகிவிட்டது. உலைக்குக் கரி கொண்டுவர ஆட்கள் ஒரு நாள் முழுக்க நடந்தார்கள். என் அம்மா இரண்டு குழந்தைகளைப் புதைத்தாள். இரண்டாவதைப் புதைத்துவிட்டு வந்த அன்று, அப்பா ஊரைக் கூட்டினார்.

"தம்பி ஊருக்குப் போறோம்," என்றார். "தம்பி ஊருன்னா அண்ணன் ஊருதான். நம்ம நெருப்பு போய் எறங்கினா அது நம்ம இடம்."

நெருப்புச் சட்டியை உலைக்காரர் தலையில் வைத்து முன்னால் நடந்தார். அப்பா அவருக்குப் பின்னால். நாங்கள் மூட்டையும் பசியுமாக அவர்களுக்குப் பின்னால். எனக்கு அப்போது பல்லைக் கூராக்கும் வயது. பசியினால் அதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆற்றைப் படகில் தாண்டி ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தபோது எதிர்க்கரையில் சித்தி நின்றாள். கையில் குழி தோண்டும் கோல். பின்னால் அவள் ஊர்.

"வாங்க, மூத்தாரே," என்றாள். "வாங்க, அக்கா. புள்ளைங்கள முதல்ல அனுப்புங்க, தண்ணி முழங்கால்தான். எல்லாரும் வரலாம். அந்தச் சட்டி மட்டும் அங்கயே நிக்கட்டும்."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். "இது எங்கப்பன் நெருப்பு. அவரோட அப்பன் நெருப்பு."

"தெரியும். அந்த நெருப்பு ஒரு குன்றையே தின்னுட்டு வந்திருக்குன்னும் தெரியும்."

உலைக்காரர் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, கறுப்புப் பாறைக்கு அப்பால் நின்ற மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்கத் தெரியாத மனிதர் அவர். "நல்ல வைரம் பாய்ஞ்ச மரம்," என்றார் என் அப்பாவிடம். "ஒரு தலைமுறைக்குக் கரி வரும்."

அது அக்கரைக்கும் கேட்டது.

சித்தப்பா கோம்பேயால் தாங்க முடியவில்லை. "அண்ணே," என்று சொல்லிக்கொண்டு ஓடையில் இறங்கினார். கண்ணீர் வழிந்தது அவருக்கு.

"போறதுன்னா போய்யா," என்றாள் சித்தி பின்னாலிருந்து. "போயி அங்கயே அவரு நெருப்புல ஆக்கித் தின்னுக்க. திரும்பி வரும்போது அதத் தூக்கிட்டு மட்டும் வராத."

சித்தப்பா ஓடையின் நடுவில் நின்றார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அவர் வாழ்க்கை முழுவதும் அங்கேதான் நின்றார் என்று சித்தி பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா கரையில் உட்கார்ந்துவிட்டார். பசித்த கூட்டத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பது அவருடைய கணக்கு. அது சரியான கணக்குத்தான், அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் வெந்த கிழங்கும் புழு வறுவலும் கூடை கூடையாக ஓடையைத் தாண்டி வந்தன. மணம் முதலில் வந்தது. என் வாயில் எச்சில் ஊறியதில் தொண்டை வலித்தது.

"யாரும் தொடக்கூடாது," என்றார் அப்பா. "அது காட்டாருகிட்ட வாங்குன நெருப்புல வெந்தது. அதத் தின்னா நீங்க அவங்க புள்ளைங்க."

கூடைகள் புல்லில் இருந்தன. ஆண்கள் ஓடையைப் பார்த்தார்கள். பெண்கள் ஆண்களைப் பார்த்தார்கள். என் தம்பி கூடையைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தான். அழுகைக்குச் சத்தம் இல்லை, அதற்குக்கூட அவனிடம் தெம்பில்லை.

என் அம்மா எழுந்தாள். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிழங்கை உடைத்துத் தம்பியின் வாயில் வைத்தாள். அடுத்த துண்டை எனக்குக் கொடுத்தாள். மூன்றாவதைத் தானே தின்றாள், அவசரமில்லாமல், என் அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

"பெலாமா," என்றார் அப்பா.

"இருங்க, வாயில கெழங்கு இருக்கு." விழுங்கிவிட்டுப் பேசினாள். "உங்கப்பன் நெருப்பு முன்னாடி குந்தி எத்தன வருஷம் ஊதியிருக்கேன் நான். என் கண்ணப் பாருங்க, அந்தப் பொகையில வெந்து போச்சு. அது எனக்கு என்ன போட்டுச்சு? ரெண்டு புள்ளையக் குழியில போட்டுச்சு. அவளுக்கு அழுகுன கெழங்கப் பொறுக்கிக் குடுத்தவ நான். அதத்தான் அவ நட்டு, வெளைய வச்சு, வேக வச்சு எனக்கே அனுப்பியிருக்கா. யாரு புள்ளைன்னு கேட்டா, சோறு போட்டவ புள்ளைன்னு சொல்லிட்டுப் போறேன்."

அவள் நெருப்புச் சட்டியின் பக்கம் போனாள். உலைக்காரர் தடுக்கலாமா வேண்டாமா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அதற்குள் அம்மா சட்டியைத் தூக்கி ஓடையில் வைத்து அழுத்தினாள். நீராவி கிளம்பி அவள் முகத்தை மறைத்தது. ஒரு கிழவர் ஐயோ என்றார். அதன்பிறகு எல்லோரும் கூடைகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், ஐயோ என்றவர் உட்பட.

அப்பாவைத் தவிர எல்லோரும் அன்றே ஓடையைக் கடந்தோம். சித்தி என் அம்மாவின் கையிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள். அவர்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. "இளைச்சுட்டீங்க, அக்கா," என்றாள் சித்தி. "ஒனக்கு என்ன, கொழுத்துப் போயிருக்க," என்றாள் அம்மா.

அப்பா அக்கரையில் அணைந்த சட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஊர் இல்லை, நெருப்பு இல்லை, அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆளும் இல்லை. உலைக்காரர்கூட இங்கே வந்து யாருக்கோ வேலி கட்ட உதவிக்கொண்டிருந்தார். சித்தி அப்பாவுக்கும் சாப்பாடு அனுப்பினாள். அவர் தொடவில்லை. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் தானாக எழுந்து ஓடையில் இறங்கினார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம்.

அவர் கரையேறிச் சித்தியின் முன்னால் வந்து நின்றார். தலை நனைந்திருந்தது. "எனக்கு ஒரு அடுப்பு வேணும்," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. சித்தி தன் அடுப்பின் பக்கம் திரும்பினாள். அவள் இரங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவர் முழங்காலை மடக்காமலே ஒரு கொள்ளியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"எங்கிட்ட கேக்காதீங்க, மூத்தாரே. என்னுது வாங்குன நெருப்பு," என்றாள். "குடுத்தவ அங்க இருக்கா."

யேலி தன் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் அப்பா அவளைப் பார்த்தார். வாழ்நாளில் அன்றுதான் அவர் காட்டார் ஒருவரின் முகத்தை நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதுவரை அவர்களுடைய தேன்கூடையைத்தான் பார்த்திருந்தார்.

"அவகிட்ட எப்படிக் கேக்கணும்?" என்றார் சித்தியிடம்.

"மனுஷங்ககிட்ட எப்படிக் கேப்பீங்களோ அப்படி."

 பிறகு என் அப்பா லொகாம்பா, இலோங்காவின் மூத்தவர், ஈரமண்ணில் ஒரு முழங்காலை மடக்கினார். இன்னொன்றையும் மடக்கினார். இரண்டு கையையும் நீட்டி, "அம்மா, நெருப்பு குடு," என்றார்.

நான் என் அம்மாவின் பக்கத்தில் நின்று அதை முழுவதும் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இல்லை.